கொரிய மன்றத்துக்குத் தமிழ் ஐயாவைக் கூப்பிடு

கேள்வி: அக்கா, நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பா ஒரு கொரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறார். என்னையும் சேர்த்துப் பதினாலு பேருக்கு, பள்ளியில் கொரியப் பண்பாட்டு மன்றம் தொடங்க ஆசை. ஹெச்.எம். "ரசிகர் மன்றமெல்லாம் ஸ்கூலுக்குள்ள கிடையாது" என்று சொல்லிவிட்டார். தமிழ் ஐயா, "நம்ம பண்பாடே தெரியாத பிள்ளைகளுக்கு அடுத்தவங்க பண்பாடு எதுக்கு?" என்றார். இங்கிலீஷ் மிஸ் மட்டும்தான் ஆதரவு. கொரியாவின் பழைய ராணி ஒரு தமிழ்ப் பெண், தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று யூடியூபில் பார்த்தேன். அதைச் சொல்லி ஐயாவைச் சம்மதிக்க வைக்கலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் உன் ஹெச்.எம். மீது இருக்கும் வருத்தத்தை விட்டுவிடு. 2024 தொடக்கத்தில் கரூர் பக்கத்துப் பள்ளி மாணவிகள் மூன்று பேர், பிடிஎஸ் பாடகர்களைப் பார்க்கக் கொரியாவுக்கே போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டது உனக்கும் நினைவிருக்கும். ஒரு பள்ளியையே பொறுப்பில் வைத்திருப்பவர், "கொரியா" என்று ஒரு பிள்ளை வாயெடுத்ததும் அந்தச் செய்தியைத்தான் நினைப்பார். அவருடைய பயத்தைப் போக்க வேண்டியது உன் வேலை. வாதாடிப் போக்க முடியாது. உன் மன்றம் எப்படி இருக்கப்போகிறது என்பதைக் காட்டித்தான் போக்க முடியும்.

நான் பதினேழு வருடமாகக் கொரிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன், அதற்கு முன்பு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இந்த வருடங்களில் பள்ளிகளில் இப்படித் தொடங்கிய மன்றங்கள் சிலவற்றுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு பள்ளியில் முதல் நாளே அறுபது பேர் சேர்ந்தார்கள். ஸ்பீக்கர், போஸ்டர், ஆண்டு விழா நடன ஒத்திகை என்று ஒரே கலகலப்பு. ஆண்டு விழா முடிந்த அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் யாருமே இல்லை. ஆட வராத பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. எந்தப் பாடகர் பெயரும் தெரியாத பிள்ளை உள்ளே வந்து என்ன பேசுவது என்று புரியாமல் திரும்பிவிட்டது. ரசிகர் மன்றத்துக்கும் பண்பாட்டு மன்றத்துக்கும் உள்ள வித்தியாசமே இந்த இடத்தில்தான். ஒரு கொரிய நாடகம்கூடப் பார்க்காத எட்டாம் வகுப்புப் பிள்ளை உன் மன்றத்துக்குள் நுழைந்தால், அரை மணி நேரத்தில் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போகவேண்டும். அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அந்த அரை மணி நேரத்துக்கு எழுத்தை வை. கொரிய எழுத்தான ஹங்குலை விடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது. சேஜோங் மன்னர் அதை உருவாக்கியது 1443-ல், மக்களுக்கு அறிவித்தது 1446-ல். சீன எழுத்து படித்தவர்களுக்கு மட்டுமே வசப்பட்டது, சாதாரண ஜனங்கள் தங்கள் மனதில் இருப்பதை எழுதமுடியாமல் தவிக்கிறார்கள் என்று இரங்கி இதைச் செய்ததாக, எழுத்தை அறிவித்த நூலின் முன்னுரையில் மன்னரே சொல்கிறார். கூர்மையானவர் ஒரு காலைப்பொழுதுக்குள் கற்கலாம், மந்தமானவருக்கும் பத்து நாள் போதும் என்று அந்த நூலின் பின்னுரையில் இருக்கிறது. இன்றைக்கு அடிப்படை எழுத்து இருபத்து நாலுதான்: பதினாலு மெய், பத்து உயிர்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் இதை எப்படிச் சொல்லித் தருகிறேன் தெரியுமா? கரும்பலகையில் நம் 'ப' எழுதுவேன். அதன் மேல்பக்கத்தை ஒரு கோடு போட்டு மூடினால் ஒரு பெட்டி. அதுதான் கொரிய 'ம'. திரும்பவும் 'ப' எழுதி, மூடாமல் நடுவில் ஒரு குறுக்குக்கோடு மட்டும் போடுவேன். அது கொரிய 'ப'. வகுப்பு அப்படியே நிமிர்ந்து உட்காரும். அடுத்து நம் 'ட' மாதிரியே ஒரு எழுத்து போடுவேன். எல்லாரும் 'ட' என்று கத்துவார்கள். இல்லை, அது 'ந'. "ந என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி எங்கே போகிறது?" என்று கேட்டால் மேலண்ணம் என்பார்கள். மடங்கி மேலே நிற்கும் அந்த நாக்கின் படம்தான் அந்த எழுத்து. 'ம' வாயின் படம். உதடு சேர்ந்து பிறக்கும் இன்னொரு ஒலி 'ப' என்பதால், 'ம'-வில் கோடுகள் கூட்டி 'ப' செய்தார்கள். சும்மா ஒரு வட்டம் இருக்கும், அது தொண்டை.

இதை அப்படியே உன் தமிழ் ஐயாவிடம் போய்ச் சொல். ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பகரமும் மகரமும் உதடு சேர்ந்து பிறக்கின்றன என்று அங்கே ஐயா பாடம் நடத்தியிருப்பார். நம்மவர்கள் சூத்திரமாக எழுதி வைத்ததை அந்த மன்னர் எழுத்தின் வடிவத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார். ஒரு தமிழாசிரியரால் இதை அசட்டையாகக் கேட்க முடியாது. உயிர், மெய், உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் படித்த பிள்ளைக்குக் கொரிய எழுத்துக்கூட்டல் புதிதே இல்லை. இன்னொன்று, நம் 'க' சொல்லின் தொடக்கத்தில், 'கல்' என்னும்போது, வலித்தும் 'தங்கம்' என்னும்போது மெலிந்தும் ஒலிக்கிறது அல்லவா? எழுத்து ஒன்றுதான். கொரியத்திலும் அப்படியே. 'கொகி' என்றால் இறைச்சி. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து, முதலில் வன்மை, உயிர்களுக்கு நடுவே மென்மை. இந்திக்காரர்களுக்கும் ஆங்கிலம் பழகியவர்களுக்கும் நான் ஒரு வாரம் மெனக்கெட்டு விளக்குவதை, தமிழ்ப் பிள்ளைகள் கேட்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இலக்கணத்துக்கு வா. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை என்ற நம் வரிசைதான் அவர்களுக்கும். வேற்றுமை உருபு மாதிரி பெயருக்குப் பின்னால்தான் ஒட்டு வரும். என்னை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. "சாப்பிட்டுப் பார்" என்கிறோமே, அங்கே 'பார்' என்றால் கண்ணால் பார்ப்பதில்லை, முயன்று பார்ப்பது. கொரியத்தில் "மொகோ ப்வா" என்பார்கள். மொகோ என்றால் சாப்பிட்டு, ப்வா என்றால் பார். சொல்லுக்குச் சொல் அதே. நாம் துணைவினை என்று படிக்கிறோமே, அதேதான். மரியாதையும் வினையில் ஏறும். அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும், வெறும் பெயர் சொல்லக்கூடாது. ஒரு பெண் தன் அக்காவை 'ஒன்னி' என்பாள், அண்ணனை 'ஒப்பா' என்பாள். தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தபோது வயதான ஒரு கொரிய இன்ஜினியர் தினமும் மதியம் எதிரே வந்தால் "பாப் மொகொஸ்ஸொயோ?" என்பார். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். நாலாவது நாள்தான் எனக்கு உறைத்தது, அது நம் "சாப்பிட்டாச்சா?" தான், வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்பது. அன்றுதான் அந்த மொழி எனக்கு ஒட்டியது.

சரி, நீ கேட்ட ராணி விஷயம். அதைச் சொல்லி ஐயாவைச் சம்மதிக்க வைக்காதே. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யுசா' என்ற நூலில் ஒரு கதை வருகிறது. 'அயுத்தா' என்ற நாட்டிலிருந்து ஓர் இளவரசி கப்பலில் வந்து, பொ.ஆ. 48-ல் பழைய கொரியாவின் கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்தாள், அவள் பெயர் ஹொ ஹ்வாங்-ஓக் என்பது கதை. கிம்ஹே நகரத்தில் அவள் கல்லறை என்று ஒன்றைப் போற்றுகிறார்கள். கிம்ஹே கிம், ஹொ குலத்தார் அவளைத் தங்கள் மூதாதையாகக் கருதுகிறார்கள். அயுத்தா என்பது அயோத்தி என்று நம்பி 2001-ல் அயோத்தியில் நினைவிடமும் வைத்தார்கள். இல்லை, அது தமிழகத்துக் கடற்கரைதான், அவள் பெயர் செம்பவளம் என்று நம் பக்கத்தில் சிலர் சொல்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் கல்வெட்டோ அந்தக் காலத்து ஆவணமோ இல்லை. கதை எழுதப்பட்டதே ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து. வரலாற்றாய்வாளர்கள் பலர் இதைப் புராணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மொழிக் குடும்பமும் அப்படித்தான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-ல் இலக்கண நூலே எழுதினார். பிற்கால மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. 'அப்பா' இரண்டு மொழியிலும் இருக்கிறதே என்பாய். குழந்தை வாயில் முதலில் வரும் உதட்டொலிகளால் ஆன இந்தச் சொற்கள் உலகத்தில் எத்தனையோ மொழிகளில் ஒன்றுபோல இருக்கின்றன. 'வா' என்றால் கொரியத்திலும் வா தான். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் அது ஆதாரம் ஆகாது. நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. படித்த மனிதரிடம் போய் அரைகுறைச் சங்கதி ஒன்றைச் சொல்லி அனுமதி வாங்கினால், அது பொய் என்று தெரிகிற அன்றைக்கு உன் மன்றத்தையே நம்பமாட்டார். "இலக்கணம் இவ்வளவு ஒத்துப்போகிறதே, ஏன் ஐயா?" என்று கேள்வியாகக் கொண்டுபோ. பதில் யாருக்கும் முழுசாகத் தெரியாத கேள்வி அது, ஆசிரியருக்குப் பிடிக்கும். அதோடு, மன்றத்துக்கு இங்கிலீஷ் மிஸ் ஒரு பொறுப்பாசிரியர் என்றால், இன்னொருவராக ஐயாவையே இருக்கச் சொல். மாதம் ஒரு வகுப்பு, இரண்டு இலக்கணமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து. பிள்ளைகளுக்கு நம் பண்பாடு தெரியாதே என்பது அவர் மனக்குறை. உன் மன்றத்தில் அது தெரியாமல் உட்காரவே முடியாது என்று ஆக்கிவிடு.

விளையாட்டுக்கும் காசு வேண்டாம். 'யுத்நோரி' என்று ஒன்று, கொரியப் புத்தாண்டான சொல்லாலுக்கு வீட்டோடு உட்கார்ந்து ஆடுவார்கள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை, அப்படி நாலு குச்சியைத் தூக்கிப் போடவேண்டும். தட்டை மேலாக விழுவது ஒன்றானால் பன்றி, ஒரு கட்டம். இரண்டு நாய், மூன்று ஆடு, நாலும் விழுந்தால் மாடு. ஒன்றுமே விழாவிட்டால் குதிரை, ஐந்து கட்டம். மாடோ குதிரையோ விழுந்தால் இன்னொரு முறை போடலாம். அணிக்கு நாலு காய், சதுரமும் குறுக்குக்கோடுகளுமாக இருபத்தொன்பது புள்ளி. எதிராளி காய் நிற்கிற இடத்தில் போய் விழுந்தால் வெட்டு. உனக்குத் தாயம் ஞாபகம் வரவில்லையா? குச்சி தேடாதே. நாலு புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிற மாதிரி தரையில் உரசிக்கொள், வெள்ளைதான் தட்டைப் பக்கம். கொரியாவிலேயே சில பக்கங்களில் பயறைப் பிளந்து ஆடுவதுண்டு. அப்புறம் 'கொங்கி'. அஞ்சு கல், ஒன்றைத் தூக்கிப்போட்டு மற்றதைப் பொறுக்கவேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, கடைசியில் அத்தனையும் புறங்கையில். உன் பாட்டியைக் கூப்பிட்டால் பதினாலு பேரையும் தோற்கடித்துவிடுவார்.

உன் கடிதத்தில் கிண்டல் பற்றி எதுவும் இல்லை, ஆனாலும் வரும். பையன்களை வெளியே நிறுத்திவைத்தால் கிண்டல் கூடும், யுத் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தால் குறையும்.

சாப்பாட்டை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிவை. எல்லாரும் கிம்ச்சியில்தான் தொடங்க நினைப்பார்கள். நம் வெயிலில் அது ஒன்றிரண்டு நாளில் புளித்துப் பொங்கிவிடும். பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பார்கள், சைவப் பிள்ளைகளிடம் சொல்லாமல் கொடுத்தால் அது பெரிய தப்பு. அதற்குப் பதில் சோங்பியொன் செய்யுங்கள். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு, எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில், வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பிடிப்பது. அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, எள்ளும் சர்க்கரையும் பூரணமாக வைத்து, பிறைநிலா மாதிரி மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு வேறென்ன பழக்கம் வேண்டும்? அடியில் பைன் மர ஊசியிலை பரப்புவார்கள், அந்த வாசம்தான் நமக்குக் கிடைக்காது.

பாட்டும் நடனமும் வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும், உங்களை இங்கே கூட்டிவந்ததே அதுதானே. மாதத்தில் ஒரு நாள் அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலும் ஒரு பாட்டின் நாலு வரியை எடுத்து, படித்து, பொருள் பிரித்துவிட்டு ஆடுங்கள். ஒன்று மட்டும் அக்காவாகச் சொல்கிறேன். திரையில் தெரியும் அந்த வெள்ளைத் தோலும் ஒடிசல் உடம்பும் மேக்கப், லைட், கடுமையான பட்டினி எல்லாம் சேர்ந்து வருவது. அதைப் பார்த்து உன் கூட்டாளிகளில் யாராவது சாப்பாட்டைக் குறைத்தால், முகத்துக்குக் கண்ட க்ரீமையும் பூசினால், மறைக்காமல் மிஸ்ஸிடம் சொல்.

கொரியா என்றால் பளபளப்பு மட்டும் இல்லை. 1910-லிருந்து 1945 வரை ஜப்பான் அவர்களை ஆண்டது. கடைசி வருடங்களில் பள்ளியில் கொரியம் பேசினாலே தண்டனை, பெயரைக்கூட ஜப்பானியமாக மாற்றச் சொன்னார்கள். கொரிய அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக் கழகத்தாரை 1942-ல் கைது செய்து, கையெழுத்துப் படிகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். சிறையிலேயே இரண்டு பேர் இறந்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையக் கிடங்கில் அந்தக் காகிதக் கட்டு கிடைத்தது. 1947 ஹங்குல் நாளன்று அகராதியின் முதல் தொகுதி வந்தது. மொழிக்காக உயிரையே கொடுத்த ஊர்க்காரர்கள் நாம், இதை உன் ஐயா வகுப்பில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். 1950-ல் தொடங்கிய கொரியப் போரில் நம் நாடு அனுப்பியது 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் படை. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், மகாவீர் சக்ரா பெற்றவர். வரலாறு ஆசிரியரையும் இதைக் காட்டி இழுத்துவிடலாம்.

இனி ஹெச்.எம்.-க்கு எழுதும் விண்ணப்பம். ஒரே பக்கம். பெயரில் 'ஃபேன்', பிடிஎஸ் ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'ஆர்மி' எதுவும் வேண்டாம், 'கொரிய மொழி, பண்பாட்டு மன்றம்' போதும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், பொறுப்பாசிரியர் இருவர், சந்தா கிடையாது, கைபேசி கிடையாது, தேர்வு மாதத்தில் கூட்டம் கிடையாது என்று நீங்களாகவே எழுதிக்கொடுங்கள். அவர் கேட்கும் முன்னால் நீ எழுதியிருந்தால் பாதி மனது இளகிவிடும். ஒரு தேதியும் குறிப்பிடு: அக்டோபர் 9, தென் கொரியாவில் ஹங்குல் நாள். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பள்ளி திறந்திருக்கும். அன்று பள்ளிச் சுவரில் ஒரு வரிசை, விருப்பப்படும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தமிழிலும் ஹங்குலிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஹெச்.எம். பெயர் முதலில் இருக்கட்டும்.

பாடத்துக்கு சேஜோங் இன்ஸ்டிட்யூட் இணையத்தில் இலவசமாகத் தருகிறது, மிஸ்ஸின் கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இன்கோ சென்டர் 2006-லிருந்து இருக்கிறது. கொரிய மொழி வகுப்பும் கண்காட்சிகளும் அங்கே நடக்கும். ஆசிரியர் கையெழுத்தோடு பள்ளியின் பெயரில் எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊர்ப்பக்கமே கொரியக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரை அழைப்பதென்றாலும் பள்ளி மூலமாகத்தான். வந்தவரிடம் எந்தப் பாடகரைப் பிடிக்கும் என்று மொய்க்காதீர்கள், வீட்டில் அம்மா என்ன சமைப்பார் என்று கேளுங்கள். பேசும் விதத்தையோ கண்ணையோ யாரும் பரிகாசமாக நடித்துக் காட்டக்கூடாது, இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு. இணையத்தில் "நான் கொரியாவில் இருக்கிறேன்" என்று வலிய வந்து பேசுகிறவர்கள், பார்சல் அனுப்பினேன், கஸ்டம்ஸுக்குப் பணம் கட்டு என்று முடிப்பார்கள். அத்தனையும் மோசடி. படமும் அனுப்பாதே, பணமும் அனுப்பாதே. யாராவது அப்படிப் பேசினால் அன்றே வீட்டில் காட்டு, பெற்றோர் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

நீ இப்போது பிளஸ் ஒன். அடுத்த ஜூனில் உனக்கு நேரமே இருக்காது. அதனால் பதினாலு பேரும் ஒரே வகுப்பாக இருந்தால் அது பலவீனம். எட்டாம் வகுப்பிலிருந்து நாலு பேரைச் சேர், அவர்களில் ஒருத்தியைச் செயலாளர் ஆக்கு. நீ பக்கத்தில் இருக்கும்போதே அவள் கூட்டம் நடத்திப் பழகட்டும்.

திங்கட்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போ. மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. கையில் ஒரு நோட்டு. ஐயாவிடம் 'ப' எழுதிக் காட்டி, மேலே மூடி, 'ம' என்று சொல். அப்புறம் "சாப்பிட்டுப் பார்" என்பதில் 'பார்' என்ன என்று கேள். அவர் விளக்கி முடித்ததும் "மொகோ ப்வா" என்று அடியில் எழுதிக் கொடுத்துவிட்டு வா. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.